இறக்கிவிட்டுப் பிறகு அலைன்மென்ட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனை மேம்படுத்துவது பற்றி வந்த கட்டுரை, குட்டை ஸ்பிரிங் போடுங்கள், தடித்த ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போடுங்கள், ‘பிறகு அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. அலைன்மென்ட் என்பது சக்கரங்களின் கோணங்களை அமைப்பது; அந்தப் ‘பிறகு’தான் சிக்கல். என்ன உயரம், என்ன கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு; மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்தால் நெகட்டிவ்), என்ன டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) வேண்டும் என்று முதலில் தாளில் எழுதிக்கொண்டு, அதற்கு இடம் கொடுக்கும் பாகங்களை வாங்குவதே முறை. பாகங்களைப் பூட்டிவிட்டு அலைன்மென்ட் மேடையில் ஏற்றிய பின்புதான், அந்தக் காரில் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் தவிரத் திருப்புவதற்கு வேறொன்றும் இல்லை என்று பலருக்குத் தெரியவருகிறது.

ஆகவே முதல் கேள்வி, உங்கள் காரில் எதைத் திருப்ப முடியும் என்பது. 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் (இணைப்புக் கைகள்) பிடிக்கும் அமைப்பு. கீழ் ஆர்ம் ஒவ்வொன்றின் உட்புற போல்ட்டுகள் இரண்டும் மையம் விலகிய வட்டுகளோடு வருகின்றன. அவற்றைத் திருப்பி முன்னால் கேம்பரையும் காஸ்டரையும் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), பின்னால் கேம்பரையும் டோவையும் அமைத்துக்கொள்ளலாம்; புதிதாக ஒரு பாகமும் வேண்டாம். மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரே மேல் ஆர்மின் வேலையையும் செய்யும் தூண்) வைத்த கார்கள் பலவற்றில் கதை வேறு. தொழிற்சாலை நமக்கு விட்டுவைத்திருப்பது முன்சக்கர டோ மட்டும். அங்கே கேம்பர் வேண்டுமென்றால் வழிகள் மூன்று. ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கர ஹப்பைத் தாங்கும் துண்டு) இணைக்கும் இடத்தில் மையம் விலகிய கேம்பர் போல்ட் போடலாம். சுமார் 1 டிகிரி கிடைக்கும். ஆனால் சக்கரத்தின் மேற்பகுதி ஸ்ட்ரட்டை நோக்கிச் சாய்வதால் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். அகல டயர் போட்டவர்களுக்கு அது உரசும். மேலே கேம்பர் பிளேட் போட்டால் ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே சாயும், இடைவெளி மாறாது, கூடுதல் டிகிரியும் கிடைக்கும். ஆனால் ரப்பர் மவுன்ட் போய் உலோக பேரிங் வருவதால் சாலையின் ஒவ்வொரு கல்லும் காதில் கேட்கும். மூன்றாவது, நீளம் மாற்றக்கூடிய கீழ் ஆர்ம். இந்த முடிவை ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது: இருக்கிற நிலையை அளந்து எழுதிவைப்பது. உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் அளவும் காற்றழுத்தமும் மாறினால் அந்தக் கணக்கு பொய்யாகும். சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டரின் கீழ் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளவெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்கில் எவ்வளவு எரிபொருள், ஓட்டுநர் இருக்கையில் எடை வைத்ததா இல்லையா என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். அப்படியே ஒரு அலைன்மென்ட் அறிக்கையும் அச்செடுத்து வையுங்கள். பழைய விபத்தில் வளைந்த ஆர்ம் ஒன்று இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். புதுப் பாகத்தின் மேல் பழி விழாது.

இனி ஸ்பிரிங். விளம்பரத்தில் வரும் ‘30 விழுக்காடு கடினம்’ என்ற சொல்லால் எதையும் முடிவு செய்ய முடியாது. சக்கரத்துக்குக் கிடைக்கும் கடினம் வேறு, ஸ்பிரிங்கின் கடினம் வேறு. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. அமுங்குகிறது என்றால் விகிதம் 0.7, அதன் வர்க்கம் 0.49. ஸ்பிரிங்கின் கடினத்தில் பாதிதான் சக்கரத்தில் தெரியும். ஸ்ட்ரட் காரில் இந்த விகிதம் 1க்கு அருகில் இருக்கும். அதனால்தான் ஒரு காரில் மென்மையாக இருக்கும் ஸ்பிரிங் இன்னொன்றில் மரக்கட்டையாக உதைக்கிறது. கணக்கு இப்படி: ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 250 கிலோ, சக்கரத்தில் வேண்டிய கடினம் மி.மீட்டருக்கு 25 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், அந்த மூலையின் இயல்பு அதிர்வெண் 1.6 ஹெர்ட்ஸ் வரும். சாதாரணப் பயணக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். சாலையிலும் ஓட்டி, எப்போதாவது டிராக்குக்கும் போகிற காருக்கு 1.6 முதல் 2 வரை போதும். அந்த 25 நியூட்டனை 0.49ஆல் வகுத்தால் வாங்க வேண்டிய ஸ்பிரிங் 51 நியூட்டன். காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய தொகுதி) பெட்டிகளில் அச்சிடும் முறையில் சொன்னால் மி.மீட்டருக்கு 5.2 கிலோ. பவுண்டு, அங்குலக் கணக்கில் வாங்குகிறவர்கள் 1 கிலோவுக்கு 56 பவுண்டு என்று பெருக்கிக்கொள்ளலாம்.

காசை மிச்சம் பிடிக்க ஸ்பிரிங்கை அறுப்பவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்யும் சுற்று 6 இருந்த இடத்தில் 1 சுற்றை அறுத்தால் கடினம் 20 விழுக்காடு கூடும்; அதாவது 6ஐ 5ஆல் வகுத்த கணக்கு. அது பெரிய கேடில்லை. அறுத்த முனை தட்டில் தட்டையாக உட்காராது; சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் நழுவும். ஆபத்து அங்கேதான்.

கடினத்தைக் கூட்டிவிட்டு ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டால் கார் ஊஞ்சலாகும். ஸ்பிரிங் இரண்டு மடங்கு கடினமானால் அதை அடக்கத் தேவைப்படும் தணிப்பும் 1.4 மடங்காக வேண்டும். பழைய ஷாக்கின் ரிபவுண்டு (அமுங்கிய ஸ்பிரிங் விரியும்போது ஷாக் தரும் தடை) அதற்குப் போதாது. மேட்டில் ஏறி இறங்கிய கார் ஒன்றரை, இரண்டு முறை ஆடித்தான் நிற்கும். மறுகோடிக்குப் போய் ரிபவுண்டை மிகையாக முறுக்கினாலும் வினைதான். அடுத்தடுத்து மேடுகள் வரும்போது, ஒன்றிலிருந்து சக்கரம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கார் படிப்படியாகத் தாழ்ந்து தடுப்பு ரப்பரின் மேல் போய் உட்காரும். ஓட்டுபவருக்கு அது ‘ஸ்பிரிங் ரொம்பக் கடினம்’ என்று தோன்றும், இன்னும் மென்மையான ஸ்பிரிங் தேடுவார். கிளிக் திருகு உள்ள ஷாக்கில் எண்ணிக்கையை எப்போதும் முழுக் கடினத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்; மென்மைப் பக்கத்தின் கடைசி நிலை துல்லியமாக இருக்காது. நடுவில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரு ஆக்சிலில் மட்டும், 2 கிளிக்காக மாற்றுங்கள்.

கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாத விஷயம் தடுப்பு ரப்பர், அதாவது பம்ப் ஸ்டாப். காரை 30 மி.மீ. இறக்கினால் சக்கரம் மேலேறும் தூரத்தில் 30 மி.மீ. அப்படியே போய்விடுகிறது. பல கார்களில் மீதமிருப்பது அதைவிடக் குறைவு. வளைவின் நடுவில் வெளிப்புற ஷாக் தடுப்பில் முட்டியவுடன் அந்த மூலையின் கடினம் சட்டென்று பல மடங்காகும். முன்னால் முட்டினால் கார் திரும்ப மறுத்து நேரே இழுக்கும். பின்னால் முட்டினால் வால் வீசும். ஓட்டுநர் டயரையும் அலைன்மென்ட்டையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். கண்டுபிடிக்க எளிய வழி, ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டு நாடாவை இறுக்கி, உறையை ஒட்டித் தள்ளிவைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவருவது. நாடா தடுப்பு ரப்பர் வரை தள்ளப்பட்டிருந்தால் முட்டுகிறது என்று பொருள். ரப்பரையே கழற்றி எறிவது தீர்வல்ல. பிறகு ஷாக்கின் உட்பாகங்கள் ஒன்றோடொன்று மோதும். குட்டையான உடலுள்ள ஷாக், அல்லது ஷாக் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குக் குறைக்கப்பட்ட ரப்பர், அல்லது காரைக் கொஞ்சம் உயர்த்துவது: இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும்.

காயில்ஓவரில் உயரத்தை எங்கே மாற்றுகிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. அடித்தளத்தைத் திருகி உயரம் மாற்றும் வகையில் ஷாக்கின் ஓட்டதூரம் குறைவதில்லை. ஸ்பிரிங் தட்டை மட்டும் திருகும் வகையில் இறக்கினால் ஓட்டதூரம் தின்னப்படும். இங்கே ஒரு பழைய மூடநம்பிக்கை உண்டு: ஸ்பிரிங்குக்கு முன் அழுத்தம் கொடுத்தால் கார் கடினமாகும் என்று. ஒரே சீரான ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்திப் பூட்டினாலும் அதன் கடினம் மாறாது, உயரம்தான் மாறும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டில் ஆடாமல் இருக்க வேண்டும். அதற்கு 2, 3 மி.மீ. போதும். அதுவும் முடியாத அளவுக்குக் குட்டை ஸ்பிரிங் என்றால் மேலே ஒரு துணை ஸ்பிரிங் வைக்க வேண்டும்.

எவ்வளவு இறக்கலாம்? ஸ்ட்ரட் காருக்கு 20 முதல் 25 மி.மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பதே என் கருத்து. கீழ் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி அதன் வெளிமுனை மேலே ஏற ஏற, சக்கரம் மேலேறும்போது கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பர் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். கூடவே ரோல் சென்டர் (வளைவில் கார் சாயும்போது அதன் சுழல் மையம்), காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் உள்ள தூரம் கூடுவதால், அதே ஸ்பிரிங்கில் தாழ்ந்த கார் உயர்ந்த காரைவிட அதிகமாகச் சாயும். பார்வைக்குப் பந்தயக் கார், வளைவில் படகு. இன்னும் தாழ வேண்டுமென்றால் நீண்ட கழுத்துள்ள பால் ஜாயின்ட்டும், அதற்கு இணையாக டை ராட் முனையில் சரிசெய்யும் துண்டும் தேவை. ஒன்றைப் போட்டு மற்றொன்றை விட்டால் பம்ப் ஸ்டீர் வரும்: சக்கரம் மேலும் கீழும் போகும்போதே தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கில் 10 மி.மீ. 10 மி.மீட்டராகத் தூக்கி ஒவ்வொரு படியிலும் டோவை எழுதினால் அது தெரிந்துவிடும். ஸ்பிரிங் இல்லாத அதே நேரத்தில் சக்கரத்தை முழுதாக மேலே தூக்கி, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, டயர் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் எங்கே இழுபடுகிறது, ஏபிஎஸ் ஒயர் எங்கே சிக்குகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. எல்லாம் பூட்டிய பின் இதைப் பார்க்க முடியாது.

பூட்டும் வேலையில் இரண்டே எச்சரிக்கை. முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரண்டையும் எதிரெதிரே மாட்டி, ஸ்பிரிங் தட்டிலிருந்து விடுபடும்வரை அழுத்தாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் தளர்த்தவே கூடாது. அந்த நட்டுக்கு இம்பாக்ட் கன்னும் ஆகாது. தண்டு சேர்ந்து சுழன்று சீல் கிழியும். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு கையால் முறுக்குங்கள்.

இரண்டாவது, மிகப் பெரும்பாலான வேலைகள் கெடும் இடம். ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ், உள் குழாயோடும் வெளி உறையோடும் ஒட்டி வார்க்கப்பட்டது. அது சுழல்வதில்லை, முறுகுகிறது. காரை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையைத் தன் ஓய்வு நிலையாகப் பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் முறுகியே நிற்கும். கார் சில மி.மீ. உயர்ந்து நிற்கும், வாரங்கள் போகப்போக உட்காரும், அதோடு அலைன்மென்ட்டும் மாறும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். எல்லா போல்ட்டுகளையும் கையளவு முறுக்கிவிட்டு, காரைச் சக்கரங்களின் மேல் இறக்கி, அல்லது ஆர்மை ஜாக்கால் தூக்கி, முன்பு எழுதிவைத்த மையம்–ஃபெண்டர் அளவில் புது உயரம் வரும்படி வைத்து, அப்போது டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். அளவு அந்தக் காரின் பட்டறைக் கையேட்டில் இருக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியது என்று கையேடு சொல்லும் போல்ட்டையும், நைலான் வளையமுள்ள நட்டையும் புதிதாகப் போடுங்கள். பாலியூரித்தேன் புஷ் என்றால் முறுகல் தொல்லை இல்லை, அது குழாயின் மேல் சுழலும். ஆனால் அதற்கான சிலிகான் கிரீஸ் தடவாவிட்டால் கீச்சிடும். பல திசைகளில் வளைந்துகொடுக்க வேண்டிய டிரெய்லிங் ஆர்மின் முன்முனையில் அதைப் போட்டால் ஆர்மே இறுகிப் பிடிக்கும். எல்லா இடத்திலும் பாலி என்று மொத்தப் பெட்டி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆன்ட்டி-ரோல் பாரைப் பற்றிச் சுருக்கமாக. கடினம் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏறும், 22 மி.மீட்டரை 24 ஆக்கினால் 2 மி.மீ. அல்ல, 42 விழுக்காடு கூடுகிறது. 25 மி.மீ. திடக் கம்பிக்குப் பதில் அதே விட்டத்தில் 4 மி.மீ. சுவருள்ள குழாய் போட்டால் எடை 46 விழுக்காடு குறையும், கடினம் 21 விழுக்காடுதான் குறையும். முன்னால் தடித்தால் அண்டர்ஸ்டீர் (கார் திரும்ப மறுப்பது), பின்னால் தடித்தால் ஓவர்ஸ்டீர் (வால் வீசுவது). இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. இறக்கிய காரில் பழைய நீள டிராப் லிங்க் (பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் கம்பி) பாரின் கோணத்தைக் கெடுக்கும். ஓட்டுநர் எடையோடு கார் சமதளத்தில் நிற்கும்போது, லிங்க் போல்ட் இழுக்காமல் தள்ளாமல் துளையில் தானாக நுழையும் நீளத்துக்கு அதை அமைக்க வேண்டும்.

உயரம் திருகும் வசதி இருந்தால் அடுத்தது நான்கு மூலை எடை. இதற்கு முன்பே ஆன்ட்டி-ரோல் பாரின் லிங்கைக் கழற்றிவிட வேண்டும்; காற்றழுத்தம், எரிபொருள், ஓட்டுநர் எடை எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இடது முன் 290, வலது முன் 270, இடது பின் 240, வலது பின் 250 கிலோ, மொத்தம் 1,050. வலது முன்னும் இடது பின்னும் சேர்ந்த குறுக்கு எடை 510, அதாவது 48.6 விழுக்காடு. கார் இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் ஒரு மாதிரியும் திரும்பும். குறைவாக இருக்கும் குறுக்கில் இரு ஸ்பிரிங் தட்டுகளையும் கொஞ்சம் ஏற்றி, மற்ற இரண்டையும் அதே அளவு இறக்குங்கள். ஒவ்வொரு மூலையிலும் 7.5 கிலோ இடம் மாறினால் இரு குறுக்கும் 525 ஆகும்; சராசரி உயரமும் கெடாது. முன்–பின் பங்கையும் இடம்–வலம் பங்கையும் இந்தத் திருகலால் மாற்ற முடியாது. அதற்குப் பேட்டரியையோ இருக்கையையோதான் நகர்த்த வேண்டும். நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டை வைப்பது போன்ற வேலைதான் இது, ஆனால் அலைன்மென்ட்டுக்கு முன்னால் வர வேண்டியது. பின்னால் வந்தால் உயரம் மாறி, அமைத்த கோணம் எல்லாம் வீணாகும்.

இப்போதுதான் அலைன்மென்ட். நல்ல இயந்திரமும் பொறுமையான ஆளும் கிடைத்தால் அங்கே போகலாம். கிடைக்காவிட்டால் நூலும் ரசமட்டமும் போதும். டோவைப் பொறுத்தவரை நூல் பொய் சொல்லாது. டயர் நிற்கும் நான்கு இடங்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயால் பார்த்து, தாழ்ந்த இடத்தில் தகடு வையுங்கள். டயருக்கு அடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே கிரீஸ் தடவி வைத்தால் சக்கரம் தடையில்லாமல் திரும்பும். காரின் இருபுறமும் மைய உயரத்தில் நூல் கட்டுங்கள். முன் ஹப் இரண்டிலிருந்தும் நூல் ஒரே தூரம், பின் ஹப் இரண்டிலிருந்தும் ஒரே தூரம். முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை, ஏனென்றால் முன் அச்சகலமும் பின் அச்சகலமும் பெரும்பாலும் வேறு. இரு நூல்களுக்கும் இடையே உள்ள அகலம் மட்டும் காரின் முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும். ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு உள்ள தூரத்தை அளந்தால், வித்தியாசமே அந்தச் சக்கரத்தின் டோ.

ஜாக்கிலிருந்து இறக்கிய காரை உடனே அளக்காதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சக்கரம் உள்நோக்கி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். கேம்பர் தவறாகக் காட்டும். சில மீட்டர் உருட்டி, முன்னும் பின்னும் அமுக்கிவிட்டு அளவெடுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் இதைச் செய்யச் சோம்பினால் ஒரே போல்ட்டைத் துரத்திக்கொண்டு பொழுது போகும்.

வரிசை: பின் கேம்பர், பின் டோ, அடுத்து முன் காஸ்டர், முன் கேம்பர், கடைசியாக முன் டோ. பின்சக்கரங்கள் பார்க்கும் திசைதான் கார் போகும் திசை. அது கோணலாக இருக்கும்போது முன்னால் அமைத்தால் ஸ்டீயரிங் சாய்ந்தே நிற்கும். முன் டோ கடைசியாக வருவதற்குக் காரணம், கேம்பரை அசைத்தால் டோவும் அசையும். டை ராட் சக்கர மையத்துக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்துத் திசை மட்டும் மாறும். காஸ்டரை அளக்க, சக்கரத்தை 20 டிகிரி ஒரு பக்கமும் 20 டிகிரி மறுபக்கமும் திருப்பி, இரண்டு கேம்பர் அளவுகளின் வித்தியாசத்தை 1.46ஆல் பெருக்குங்கள்.

அளவுகள்? சாலையில் ஓட்டி எப்போதாவது டிராக்குக்குப் போகும் பின்சக்கர இயக்கக் காருக்கு முன் கேம்பர் மைனஸ் 1.5 முதல் 2 டிகிரி, பின் கேம்பர் அதைவிடக் கால் டிகிரி குறைவு, முன் டோ பூஜ்யம், பின் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருப்பது) மொத்தம் 10 முதல் 20 நிமிடம் (60 நிமிடம் 1 டிகிரி) என்று தொடங்கலாம். டிராக்கே பிழைப்பு என்றால் முன்னால் மைனஸ் 3 வரை போவார்கள். பின்னால் டோ-அவுட் மட்டும் சாலைக் காரில் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் வால் முன்னால் வரும். காஸ்டர், கார் கொடுக்கும் அளவுக்கு அதிகமாக, ஆனால் இருபுறமும் அரை டிகிரிக்குள் ஒன்றாக. குறைந்த காஸ்டர் உள்ள பக்கம் கார் இழுக்கும்.

டயரைத் தின்பது கேம்பர் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அதைவிடப் பசியுள்ளது டோ. ஒரு சக்கரத்துக்கு வெறும் 10 நிமிடம் டோ இருந்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 2.9 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. டயரின் மேல் குறுக்கே கையை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பமாகவும் இருந்தால் அது டோ. உள்விளிம்பு மட்டும் சீராகத் தேய்ந்திருந்தால் கேம்பர். பலமுறை இரண்டும் சேர்ந்தே வரும், பழி மட்டும் கேம்பரின் தலையில்.

அலைன்மென்ட் மையத்தில் திரை முழுதும் பச்சையாகிவிட்டது என்று திருப்திப்பட வேண்டாம். அந்தப் பச்சை, தொழிற்சாலை அனுமதித்த எல்லை. பல கார்களில் கேம்பருக்கு இருபுறமும் முக்கால் டிகிரி வரை இடம் விட்டிருப்பார்கள். இடது மைனஸ் 0.3, வலது மைனஸ் 1.2 என்றாலும் இரண்டும் பச்சையாகவே ஒளிரலாம். அந்த எண்களும் இறக்காத காருக்கு எழுதப்பட்டவை. நீங்கள் எழுதிவைத்த அளவுகளைத் தாளாகக் கையில் கொடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் எடை வைக்கச் சொல்லுங்கள். திருத்தத்துக்கு முன் எடுத்த அறிக்கை, பின் எடுத்த அறிக்கை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மையம் விலகிய போல்ட்டின் வட்டில் பெயின்ட் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். பள்ளத்தில் விழுந்த பின் நழுவியதா என்று கோடே சொல்லிவிடும். நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள கார்களில் ஸ்டீயரிங் கோண சென்சாரை ஸ்கேனரால் மீண்டும் பூஜ்யம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நேரே போகும் காரைத் திரும்புகிறது என்று நினைத்து அது பிரேக் போடும். முகப்பு விளக்கின் கோணமும் காரோடு சேர்ந்து மாறியிருக்கும், அதையும் அமைத்துவிடுங்கள். 150, 200 கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா போல்ட்டுகளிலும் டார்க்கைச் சரிபார்த்து, உயரம் 3 மி.மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருந்தால் டோவை மறுபடி அளக்க வேண்டும்.

கடைசியாக ஒரு திருத்தம் கேட்கிறேன். கட்டுரையில் ‘முன் டோ 2 வைத்தால் சிறப்பு’ என்று அலகு இல்லாமல் அச்சாகியிருக்கிறது. அளக்கும் இரு புள்ளிகளுக்கு இடையே 430 மி.மீ. என்றால் 1 மி.மீ. என்பது 8 நிமிடம். ஆக மொத்தம் 2 மி.மீ. என்பது 16 நிமிடம், சாலையில் ஓட்டக்கூடிய அளவு. அதையே 2 டிகிரி என்று யாராவது படித்தால் 15 மி.மீ. ஆகிவிடும், புது டயர் ஒரு நீண்ட பயணத்தைக்கூடத் தாங்காது. மி.மீட்டரா, நிமிடமா, ஒரு சக்கரத்துக்கா, இரண்டுக்கும் சேர்த்தா, டோ-இன்னா, டோ-அவுட்டா, எந்த விட்டத்தில் அளந்தது என்ற நான்கையும் சேர்த்து அடுத்த இதழின் திருத்தப் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சஸ்பென்ஷன் வேலை அறிந்த வாசகர்